செவ்வாய்க்கிழமைத் தீன்

முதிரைக்குற்றி ஏற்றிவந்த லொறிக்காரன்
உடைந்த போனோடு என் கடைக்குள் வந்தபோது
சாரத்து மடிப்பில் அது தொற்றிக்கொண்டிருந்தது.
அவன் கத்தினான்.
நான் சார்ஜர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடினேன்.
மாங்குளம் சந்தியில், மத்தியானம்,
அவ்வளவுதான் எங்கள் அறிமுகம்.

பிறகு ஒரு டொபிப் போத்தல்.
ஈயம் உருக்கும் கோலால் மூடியில் பதினெட்டுத் துளை,
சாய்த்துவைத்த பாலைப் பட்டை,
சோடா மூடியில் தண்ணீர்.
கால் விரித்தால் என் உள்ளங்கை மறையும் அளவு.
மறைத்துப் பார்த்ததில்லை.
"கடிச்சா ஆள் சாகாது," என்றாள் ஆஸ்பத்திரியில் நிற்கும் சுபோதினி,
"செத்தா நல்லம் எண்டு மூண்டு நாள் நினைக்கும்."

புலிமுகச் சிலந்தி என்று அதற்குப் பெயராம்.
அந்தச் சொல்லின் முன்பாதியை
இந்த ரோட்டில் யாரும் சத்தமாய்ச் சொல்வதில்லை.
நான் மனேச்சர் என்று கூப்பிட்டேன்.

செவ்வாய்தான் தீன்.
திங்கள் இரவு பெற்றோல் செட் வெளிச்சத்தில் குந்தியிருந்து
ஒரு சில்வண்டு பிடிப்பேன், கிடைத்தால் வெட்டுக்கிளி.
நீளக் குறட்டின் நுனியில் அதை நீட்ட
பட்டைக்குப் பின்னால் ஒன்றும் அசையாது,
அசையாது,
பிறகு குறட்டில் ஒன்றும் இராது.

செவ்வாய்தான் தவணையும்.
குழுவில் ஐந்து பெண்கள்;
ஒருத்தி கட்டாவிட்டால் நாலு பேர் கட்டவேண்டும்.
வசூலுக்கு வருகிற கஜீபன் என் தம்பியிலும் இளையவன்,
ஹெல்மெட் கழற்றாமலே கதிரையில் இருந்து
பேனையைத் தட்டுவான்.
திருத்திய போன்களை எடுக்க ஆட்கள் வராத மாசி மாதத்தில்
நான் இரண்டு தவணை விட்டேன்.
அதே மாதம் மனேச்சரும் தீன் விட்டது.

முதல் கிழமை, வயிறு நிறைந்திருக்கும் என்று நினைத்தேன்.
மூன்றாம் கிழமை நிறம் மங்கிச் சாம்பலானது.
போட்ட சில்வண்டு அதன் முதுகில் ஏறி நடந்தது.
எடுத்துவிட்டேன்; பசியில் சில்வண்டும் கடிக்கும்.
ஐந்தாம் கிழமை விடிய
எட்டுக் காலும் மேலே, மல்லாந்து கிடந்தது.
போத்தலைத் தூக்கி வெளியே கொட்டப் போனவள்
ஒரு கால் நடுங்குவதைக் கண்டு
அப்படியே வைத்தேன்.

கையுறை கழற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா,
ஒவ்வொரு விரலாய், அவசரமில்லாமல்?
மத்தியானத்துக்குள் போத்தலுக்குள் இரண்டு இருந்தன.
ஒன்று வெறும் தோல்.
மற்றது ஈரமாய், பெரிதாய்,
பாற்பல் போல வெள்ளைப் பற்களோடு.
பல் கறுக்கும்வரை அதற்குத் தீன் இல்லை.
கறுக்கும்வரை அதுவும் ஒரு பஞ்சுதான்.

மனேச்சரைப் போத்தலோடு லாச்சிக்குள் வைத்தேன்.
தோலை மேசையில், பில் புத்தகத்துக்குப் பக்கத்தில்,
கால்களைச் சீராக்கி, வாசலைப் பார்க்க இருத்தினேன்.
அந்தச் செவ்வாய் கஜீபன் படியோடு நின்றான்.
"அக்கா, அது என்ன?"
"பழக்கமானதுதான். ஆனா ஆளைப் பொறுத்தது."
அவன் உள்ளே வரவில்லை.
அடுத்த கிழமையும் வரவில்லை.
ரோட்டில் நின்று, "பிறகு வாறன்" என்றான்.
இரண்டு கிழமையும் எனக்குச் சிரிப்பு.

மூன்றாம் கிழமை கரண்ட் வந்து
மேசைக் காற்றாடி திடீரென்று சுழன்றது.
என் காவல்காரன் எழும்பிப் பறந்து
வாசலில் நின்றவனின் வசூல் கொப்பியில் விழுந்தான்.

கஜீபன் துள்ளவில்லை.
இரண்டு விரலால், கால் ஒன்றும் உடையாமல்,
அதை எடுத்து என் கையில் தந்தான்.
"எனக்கு முதல் நாளே தெரியும் அக்கா.
மூச்சு விடாத சாமானை வைச்சு ஆரை வெருட்டுறியள்?"
பிறகு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, மெதுவாய்:
"உள்ளுக்க வந்தா எழுதோணும்.
கடை பூட்டிக் கிடக்கு எண்டுதான் இவ்வளவு நாளும் எழுதினனான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
"மற்றது எங்க?" என்றான்.

லாச்சியை நாலு விரல் திறந்தேன்.
படியில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தான்.
பற்கள் கறுத்திருந்தன.